விமானம் ஓட்ட ஓர் அகலத் திரை: முதலில் அளவு டேப்பை எடுங்கள், இன்ச்சை அப்புறம் பார்க்கலாம்

கணினியில் ஓடும் விமானச் சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு ரன்வேயைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். தரையிலிருந்து ஆயிரம் அடி உயரத்தில், ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்துகொண்டிருக்கிறீர்கள். ரன்வேயின் முனை இடது தோளுக்குப் பின்னால் 45 டிகிரிக்குப் போனதும் திரும்ப வேண்டும். நிஜ விமானத்தில் கழுத்தைத் திருப்பினால் முடிந்தது. வீட்டு மேசையில் 24 இன்ச் திரைக்கு முன்னால் இருப்பவர் எதைத் திருப்புவார்? ஜாய்ஸ்டிக் தலையில் இருக்கும், பார்வையைத் திருப்பும் ஹேட் ஸ்விட்சைத் தள்ளி, ரன்வேயைத் தேடிப் பிடித்து, மறுபடி முன்னால் பார்ப்பதற்குள் விமானம் இருநூறு அடி இறங்கியிருக்கும்.

அந்த எரிச்சலில்தான் நான் முதல் அல்ட்ராவைடு, அதாவது சாதாரணத் திரையைவிட அகலம் கூடிய மானிட்டர், வாங்கினேன். 34 இன்ச், விலையும் குறைவு. கடையில் ஓடவிட்டிருந்த விளம்பரப் படத்தில் மலையும் ஏரியும் பளபளத்தன. வீட்டுக்கு வந்து காக்பிட்டைத் திறந்தால், உயரமானியின் சின்ன எண்கள் பழைய திரையைவிட மங்கலாக இருந்தன. காரணம் பெட்டியின் மேலேயே அச்சாகியிருந்தது: 2560×1080. அதாவது இன்ச்சுக்கு 82 பிக்சல்தான். என் பழைய 24 இன்ச் முழு எச்டி திரையில் 92 இருந்தது. எட்டு மாதம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பறந்துவிட்டு, பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். இரண்டாவது முறை வாங்கியபோது செய்த வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏறக்குறைய அதே வரிசையில்.

வாங்குமுன் ஒரு கசப்பு மருந்து

மேலே சொன்ன திருப்பத்தில் ரன்வே முனை விமானத்தின் மூக்கிலிருந்து 135 டிகிரி தள்ளி இருக்கிறது. மேசையில் வைக்கும் எந்த ஒற்றைத் திரையும் அவ்வளவு தூரம் காட்டாது. அதற்குத் தலை அசைவைப் பின்தொடரும் கருவி வேண்டும். டிராக்ஐஆர் போன்றவை காசுக்குக் கிடைக்கின்றன. ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமை வைத்தே முகத்தைப் பின்தொடர்ந்து காக்பிட் பார்வையைத் திருப்பும். "அல்ட்ராவைடு வாங்கட்டுமா?" என்று யாராவது கேட்டால், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓப்பன்டிராக்கை முயன்று பாருங்கள் என்பதுதான் என் பதில். சிலருக்கு அதோடு ஆசை அடங்கிவிடுகிறது.

அப்படியானால் அகலத் திரை எதற்கு? தரையிறங்கும் கடைசி இருபது அடிக்கு. ரன்வேயின் இரண்டு ஓரங்களும் விரிந்து பக்கவாட்டில் ஓடுவதை வைத்துத்தான் தரை எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று கண் கணக்குப் போடுகிறது. அந்த ஓரங்கள் திரைக்கு வெளியே போய்விட்டால், மூக்கை எப்போது தூக்குவது என்பது குருட்டாம்போக்காகிவிடும். ரன்வேக்குப் போய்வரும் தரைப்பாதையான டாக்ஸிவேயில் திரும்பும்போதும் அப்படித்தான். போக வேண்டிய மஞ்சள் கோடு முன்கூட்டியே கண்ணில் படும்.

நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்

வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து இப்போதைய திரைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். இந்த ஒரு எண் இல்லாமல் இன்ச்சைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கணக்கு எளிது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் ஜாமெட்ரி பாக்ஸைக் கடன் வாங்குங்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 34 இன்ச் அல்ட்ராவைடின் அகலம் சுமார் 80 செ.மீ., ஆகவே தாளில் 8 செ.மீ. கோடு போடுங்கள். அதன் நடுவிலிருந்து நேர் கீழே 6 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. அதுதான் 60 செ.மீ. தூரத்தில் இருக்கும் உங்கள் கண். புள்ளியைக் கோட்டின் இரு முனைகளோடும் சேர்த்து, பாகைமானியை வைத்துப் பாருங்கள். 67 டிகிரி வரும். அந்தத் திரை உங்கள் உலகத்தில் அடைக்கிற இடம் அவ்வளவுதான். வளைந்த திரையாக இருந்தால் சில டிகிரி கூடும்.

இப்போது அதே 34 இன்ச்சை 80 செ.மீ. தள்ளி வைத்து வரையுங்கள். 53 டிகிரி. சாதாரண 27 இன்ச் திரையின் அகலம் 60 செ.மீ.; அதை 60 செ.மீ. தூரத்தில் வைத்தாலும் அதே 53 டிகிரிதான். நாற்காலியை இருபது சென்டிமீட்டர் முன்னால் இழுத்து இலவசமாகப் பெறக்கூடியதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே முதலில் திரையை அருகில் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பெரிய திரை. அதுவும் முடிந்தால் இரட்டை லாபம்.

அடுத்தது செய்தித்தாள் வேலை. பழைய தாள்களை ஒட்டி, 80 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, மேசைக்குப் பின்னால் திரை வரப்போகும் இடத்தில் ஓர் அட்டையில் தொங்கவிடுங்கள். 49 இன்ச் ஆசை இருந்தால் அதற்கும் ஒன்று: 120 செ.மீ. அகலம், அதே 34 செ.மீ. உயரம். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். எங்கள் வீட்டில் 120 செ.மீ. தாள் ஜன்னல் கதவைத் திறக்கவிடாமல் தடுத்தது. அந்த விவாதம் அங்கேயே முடிந்தது.

உயரத்தை யாரும் சொல்வதில்லை

அந்தத் தாளைத் தொங்கவிட்டதும் இன்னொன்று உறைக்கும். 34 இன்ச் என்று பெரிதாகச் சொன்னாலும் உயரம் 27 இன்ச் திரையின் உயரமேதான். 49 இன்ச்சும் அப்படியே: இரண்டு 27 இன்ச் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல. 29 இன்ச் அல்ட்ராவைடு இன்னும் மோசம், 29 செ.மீ. கூட வராது. இப்போது 32 இன்ச் சாதாரணத் திரை வைத்திருப்பவர் 34 இன்ச் அல்ட்ராவைடுக்கு மாறினால், அகலத்தில் சுமார் 9 செ.மீ. கூடும், உயரத்தில் 6 செ.மீ. போய்விடும்.

இது நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்த விஷயம். செஸ்னா, பைப்பர் மாதிரி சின்ன விமானங்களில் பறந்து ஊர் பார்க்கிறவருக்கு அடிவானம் கிடைமட்டமாக நீள்கிறது, அகலத் திரை அதற்கென்றே செய்தது போல இருக்கும். டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் போர் விமானம் ஓட்டுகிறவருக்கும் பக்கவாட்டுப் பார்வைதான் உயிர். ஆனால் ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறவருக்கு வேலை மேலும் கீழுமாகத்தான். கண்ணுக்கு நேரே ஆட்டோபைலட் பொத்தான்கள் உள்ள எஃப்சியு, அதற்குக் கீழே திரைகள், இன்னும் கீழே பயணத் திட்டத்தைத் தட்டும் எம்சிடியு, தலைக்கு மேலே ஸ்விட்சுகள். அகலத் திரையில் இவை ஒரே பார்வையில் அடங்காது; சதா மேலேயும் கீழேயும் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஹெலிகாப்டர்காரர்களுக்கும் கீழ்ப்பார்வை முக்கியம்.

பெரிய விமானங்கள் மட்டும்தான் என்பவர்களுக்கு என் யோசனை: அல்ட்ராவைடை மறந்துவிட்டு 43 இன்ச் 4கே திரை ஒன்றைப் பாருங்கள். அதன் அகலம் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ.க்கு மேல். 'அகலத் திரை' என்று பெயர் வாங்கிய 34 இன்ச்சைவிட இதுதான் அகலம்! டிவியாக இருந்தால் படம் தாமதமாவதைக் குறைக்கும் கேம் மோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) இழுத்த பிறகு விமானம் யோசித்துத்தான் மூக்கைத் தூக்கும்.

எக்ஸ்பாக்ஸில் பறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அல்ட்ராவைடுக்கான 21:9 விகிதப் படத்தைத் தராது. அல்ட்ராவைடில் இணைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான் மிச்சம். இந்தக் கட்டுரையின் மீதி கணினிக்காரர்களுக்கு.

பிக்சல் கணக்கு, பிறகு கிராபிக்ஸ் கார்டு

சந்தையில் இருப்பவற்றை நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். 2560×1080 வேண்டாம், என் எட்டு மாத அனுபவமே போதும். அதே பிக்சல் 29 இன்ச்சில் வந்தால் எழுத்து தெளிவாக இருக்கும், ஆனால் திரை சிறியது. 34 இன்ச்சில் 3440×1440 நடுவழி. இன்ச்சுக்கு 110 பிக்சல் அளவில் வருவதால் மீட்டர் எண்களைப் படிக்கக் குனிய வேண்டியதில்லை. 38 இன்ச் 3840×1600 கொஞ்சம் உயரமும் தரும், விலை ஏறும். 49 இன்ச்சில் 5120×1440. அதே 49 இன்ச்சில் 3840×1080 என்று ஒரு ரகமும் உண்டு, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 45 இன்ச் 3440×1440 திரைகள் உயரத்தில் தாராளம், 44 செ.மீ. வரும். ஆனால் பிக்சல் அடர்த்தி என் பழைய தப்புக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இத்தனை பிக்சலையும் தள்ளப்போவது உங்கள் கிராபிக்ஸ் கார்டு. முழு எச்டி என்பது சுமார் 21 லட்சம் பிக்சல். 3440×1440 கிட்டத்தட்ட 50 லட்சம். 5120×1440 சுமார் 74 லட்சம். 4கே 83 லட்சம். ஆக 49 இன்ச் வாங்குகிறவர் ஏறக்குறைய 4கே சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

கார்டு தாங்குமா என்று திரை வாங்காமலேயே சோதிக்கலாம். இந்தத் தந்திரம் பலருக்குத் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் கிராபிக்ஸ் அமைப்பில் ரெண்டர் ஸ்கேலிங் என்று ஒன்று இருக்கிறது. ஆன்டி அலையாசிங்கை டிஏஏ என்று வைத்துக்கொண்டு, முழு எச்டி திரையில் அதை 155 சதவீதம் ஆக்குங்கள். கார்டு அப்போது உள்ளுக்குள் வரைவது 50 லட்சம் பிக்சல், அதாவது 3440×1440 அளவு. 49 இன்ச் எப்படி இருக்கும் என்று பார்க்க 189 சதவீதம். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் பறப்பவர்கள் என்விடியாவின் டிஎஸ்ஆர், ஏஎம்டியின் விஎஸ்ஆர் மூலம் கணினியைப் பெரிய திரை இருப்பதாக நம்பவைத்து இதையே செய்யலாம்.

சோதிக்கும்போது கடலுக்கு மேல் பறந்து திருப்திப்படாதீர்கள். லண்டன் ஹீத்ரோவோ நியூயார்க் கென்னடியோ, மேகமூட்டமான வானிலை, தாழ்வான உயரம், இறங்கும் நேரம். அங்கே வினாடிக்கு 40 ஃபிரேம் சீராக வந்தால் எனக்குப் போதும். விமானச் சிமுலேட்டர் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அல்ல. அகலத் திரையில் பக்கவாட்டில் கூடுதல் கட்டடங்களும் வரைய வேண்டியிருக்கும். அது பிராசசரையும் சேர்த்து அழுத்தும், ஆகவே சோதனையில் வந்ததைவிட நிஜத்தில் கொஞ்சம் குறையும். முப்பதுக்குக் கீழே தடுமாறினால் முதலில் கார்டுக்குச் சேமியுங்கள், திரை ஓடிவிடாது. குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். சமாளிக்கலாம்தான். ஆனால் மீட்டர்களுக்குப் பதில் திரைகள் இருக்கும் 'கண்ணாடிக் காக்பிட்'டில் உயர எண்கள் ஓடும்போது பின்னால் நிழல் இழுக்கும். அது தொந்தரவா இல்லையா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

வளைவும் கறுப்பும்

1500ஆர் என்றால் வளைவின் ஆரம் 1500 மில்லிமீட்டர். எண் குறையக் குறைய வளைவு கூடும். 1000ஆர், 800ஆர் எல்லாம் நன்றாகக் குழிந்தவை. 34 இன்ச்சில் வளைவு கொஞ்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. 49 இன்ச்சில் வளைவு இல்லையென்றால் ஓரங்களைச் சாய்வாகப் பார்க்க வேண்டிவரும், அங்கே அவசியம். மிகவும் குழிந்த திரை ஜன்னல் வெளிச்சத்தை ஒரு கோடாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்கு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து மாலையில் பறப்பவர்கள் திரைச்சீலைக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

பேனல் வகையை (ஐபிஎஸ், விஏ, ஓலெட்) இரவுப் பறப்பை வைத்துத் தீர்மானிப்பது நல்லது. பகலில் எல்லாம் அழகுதான். ஐபிஎஸ்ஸில் இருட்டு காக்பிட் முழுக் கறுப்பாக வராது, மூலைகளில் வெளிர்ப்பு தெரியும். விஏயில் கறுப்பு ஆழமாக வரும். ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறுவதில் பிக்சல்கள் சோம்பேறி. டாக்ஸிவேயின் நீல விளக்குகளைக் கடந்து திரும்பும்போது ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு மசி வால் இழுபடும். ஓலெட்டில் இந்த இரண்டும் இல்லை. நள்ளிரவில் ஒரு நகரத்தின் மேல் இறங்குவதை அதில் பார்த்தவர் மற்றதில் சமாதானமாவது கஷ்டம்.

ஓலெட்டின் பிரச்சினை வேறு. காக்பிட்டின் டாஷ்போர்டு விளிம்பும் மீட்டர்களும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். ஒன்பது மணி நேரக் கடல் தாண்டும் பயணத்தை ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர் நீங்கள் என்றால், அந்தப் படம் காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம். சில நிறுவனங்கள் தழும்புக்கும் வாரண்டி தருகின்றன, எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். போகும்போது மானிட்டரை அணைக்கும் பழக்கம் இருந்தால் பயம் குறைவு. பகலில் அதே திரையில் அலுவலக வேலையும் பார்ப்பவர் எழுத்துகளின் விளிம்பையும் ஒருமுறை கவனிக்க வேண்டும். சில ஓலெட்டுகளில் அங்கே மெல்லிய நிறக்கோடு தெரியும்.

புதிதாக வருகிறவர் ஒரே ஒரு பதில் சொல் என்றால்: 34 இன்ச், 3440×1440, விஏ, 1500ஆர் பக்கம். மசி வால் எனக்குப் பழகிவிட்டது.

ரெஃப்ரெஷ் ரேட், கம்பி

40 ஃபிரேம்தானே வருகிறது, வினாடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் திரை எதற்கு என்று கேட்பது நியாயம். காரணம், ஃபிரேம் வரும் வேகத்துக்கே திரையையும் படம் மாற்றவைக்கும் ஃப்ரீசிங்க், ஜிசிங்க் போன்ற ஒத்திசைவு வசதி. பல திரைகளில் அது 48 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்கும். அதற்குக் கீழே ஃபிரேம் போனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டிச் சமாளிப்பார்கள். அதற்குத் திரையின் மேல் எல்லை தாராளமாக இருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ இருந்தால் கவலையில்லை. இணைப்புக்கு டிஸ்பிளேபோர்ட் கம்பியையே பயன்படுத்துங்கள். எச்டிஎம்ஐ 2.0-இல் 3440×1440 வழக்கமாக 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். விண்டோஸ் பல சமயம் 60-இலேயே தொடங்கும், போய் மாற்ற வேண்டும்.

யோக்குக்கும் காலுக்கும் சண்டை

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அல்ட்ராவைடுகளின் ஸ்டாண்டு பெரும்பாலும் வி வடிவில் இரண்டு கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், ஓரடி நீளத்துக்குக்கூட. மேசை விளிம்பில் பூட்டும் யோக்கும் உள்பக்கமாக அதே ஓரடியைக் கேட்கும். 60 செ.மீ. ஆழ மேசையில் இரண்டும் முட்டிக்கொள்ளும். திரையைப் பின்னால் தள்ளினால், கஷ்டப்பட்டு வரைந்த 67 டிகிரி கையைவிட்டுப் போகும்.

தீர்வு, மேசை விளிம்பில் பூட்டித் திரையைத் தாங்கும் மானிட்டர் ஆர்ம். வாங்கப்போகும் திரையின் முதுகில் ஆர்மைப் பொருத்துவதற்கான 100×100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருக்கின்றனவா, ஸ்டாண்டு இல்லாமல் எடை எத்தனை கிலோ, ஆர்ம் அதைத் தாங்குமா என்று மூன்றையும் பாருங்கள். 49 இன்ச் ஒன்று பத்து கிலோவைத் தாண்டிவிடலாம். மலிவான ஆர்ம் மெல்ல மெல்லத் தலையைத் தொங்கப்போடும். துகள்பலகை மேசையாக இருந்தால் கிளாம்புக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள்.

வரைபடமும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சாளரமும் வைக்க இடம் தேடி 49 இன்ச்சுக்குப் போகிறவர்கள் உண்டு. சிமுலேட்டர் முழுத்திரையில் ஓடும்போது அது மொத்த அகலத்தையும் விழுங்கிவிடும். பழைய 24 இன்ச்சை விற்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்வது மேல். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வலது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு காக்பிட் திரையைச் சொடுக்கினால் அது தனியாகக் கழன்று வரும், பழைய மானிட்டரில் கொண்டுபோய் வைக்கலாம்.

பெட்டி வந்த மாலை

பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான வளைந்த திரையைப் படுக்க வைத்துத் தூக்கினால் பேனல் நோகும். இரண்டு பேர், சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், கண்ணாடியில் விரல் வைக்கக் கூடாது. முழுச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்புப் படங்களைத் திரை நிறைய விட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்பில் வெளிச்சக் கசிவையும் பாருங்கள். எத்தனை செத்த பிக்சலுக்கு மாற்றித் தருவார்கள் என்பதை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். அது கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்புறம் பார்வைக் கோணம். எக்ஸ்-பிளேனின் கிராபிக்ஸ் அமைப்பில் பக்கவாட்டுக் கோணத்தை டிகிரியிலேயே கொடுக்கலாம். பாகைமானி சொன்ன 67-ஐப் போட்டுப் பாருங்கள். ரன்வே நிஜத்தில் தெரிகிற அளவிலேயே தெரியும், ஆனால் காக்பிட் முகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது போல இருக்கும். எல்லோரும் உடனே கோணத்தைக் கூட்டுவார்கள். 90 வரை கூட்டினால் மீட்டர்கள் எல்லாம் அடங்கும், ஆனால் திரையின் ஓரத்தில் இருக்கும் பொருள் நடுவில் இருப்பதைவிடக் குறுக்குவாட்டில் இரண்டு மடங்கு இழுபடும். தட்டையான திரையில் படம் வரைகிற கணிதம் அப்படி. வளைந்த திரை வாங்கினாலும் சிமுலேட்டருக்கு அது வளைந்தது என்று தெரியாது. கூடவே நடுவில் ரன்வே சின்னதாகச் சுருங்கி, இன்னும் தூரம் இருக்கிறது என்று ஏமாற்றும். நான் 75 பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டிகிரி கிடையாது, கேமரா அமைப்பில் ஜூம் அளவுதான். அங்கே ஒரே ரன்வேயில் நாலைந்து முறை இறங்கிக் கண்ணுக்குச் சரியானதைப் பிடிக்க வேண்டும்.

திரையின் உயரத்தைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். நேராகப் பறக்கும்போது அடிவானக் கோடு உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். வளைந்த திரையில் கண் மேலேயோ கீழேயோ இருந்தால் அடிவானம் வில் போல வளைந்து தெரியும். பலர் இதைத் திரையின் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். நாற்காலியின் உயரத்தை ஓர் அங்குலம் மாற்றினாலே கோடு நேராகிவிடும். நேரானதும், நாற்காலிச் சக்கரங்கள் நிற்கும் இடத்தில் தரையில் இரண்டு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வீடு பெருக்கியதும் எல்லாக் கணக்கும் போச்சு.